கடன் தருகிறார்கள், ஆலோசனை யார் தருவது?

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் எமது கடைத்தெருவில் எல்லோருடைய காதும் இரண்டு செய்திகளுக்காகவே திறந்திருக்கும். ஒன்று, எந்தப் பொருளுக்கு வரி கூடியது, எதற்குக் குறைந்தது என்பது. மற்றது, சிறு, நடுத்தரத் தொழில் முயற்சியாளர்களுக்கு என்ன கடன், எத்தனை வீத வட்டி என்பது. அரசாங்கங்கள் மாறுகின்றன, கடன் திட்டங்களின் பெயர்களும் மாறுகின்றன. 2018இல் 'என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா' என்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் வேறு பெயர்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: பணம் தருகிறோம், தொழில் செய்யுங்கள்.

பணம் வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான். நானும் சொல்லவில்லை. எனினும், புறக்கோட்டையில் முப்பது வருடங்களாக உள்ளூர் உற்பத்திப் பொருட்களை மொத்தமாக வாங்கி விற்று வருபவன் என்ற முறையில் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். எமது சிறு உற்பத்தியாளர்களில் பலரைக் கவிழ்த்தது பணமில்லாமை அல்ல. தனது வேலைத்தலத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியாமைதான். ஓட்டைப் பானையில் கடன் வாங்கித் தண்ணீர் ஊற்றினால் கடைசியில் பானையும் மிஞ்சாது, கடன் மட்டும் மிஞ்சும். அந்த ஓட்டையைக் காட்டித் தர விடயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவரை அரசாங்கம் தொழிற்சாலை வாசலுக்கு அனுப்ப வேண்டும். அவரைக் கேட்டு வாங்க நாமும் பழக வேண்டும்.

நாம் எத்தனை பேர்?

2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி, விவசாயம் தவிர்ந்த துறைகளில் இந்நாட்டில் 10 இலட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் பெரிய நிறுவனங்கள் 2,414 மாத்திரமே. நடுத்தரம் 10,405. சிறியவை 71,126. மீதி 9 இலட்சத்து 35 ஆயிரத்துக்கும் அதிகமானவை, அதாவது நூற்றுக்கு 91.8 வீதம், நுண் அளவிலானவை. வீட்டுப் பின்கட்டிலும் கடை மாடியிலும் நடக்கும் தொழில்கள் இவைதாம்.

2016இல் வெளியான சிறு, நடுத்தரத் தொழில் முயற்சிக்கான தேசியக் கொள்கை, உற்பத்தித் துறையில் 11 முதல் 50 வரை ஊழியர்களைக் கொண்டதைச் சிறியது என்றும், 51 முதல் 300 வரை கொண்டதை நடுத்தரமானது என்றும் வகுத்தது. சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவரும், மருதமுனையில் கைத்தறி போட்டிருப்பவரும், பேருவளையில் கல் வெட்டுபவரும், மொரட்டுவையில் தளபாடம் செய்பவரும், கொழும்பில் பிளாஸ்டிக் மெஷின் ஓட்டுபவரும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்கள். பெரிய கம்பனிக்குப் பொறியியலாளரும் உணவுத் தொழில்நுட்பம் படித்தவரும் கணக்காளரும் இருக்கிறார்கள். நம்மவருக்கு இருப்பவர் முதலாளி ஒருவரே. மூலப்பொருள் வாங்குவதும், மெஷின் பழுது பார்ப்பதும், வங்கிக்கு ஓடுவதும், கூலி கொடுப்பதும் அவரே. நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

2020க்குப் பின் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். அந்த வருடம் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த எமது சகோதரர்கள் பலர் பொருள் இல்லாமல் தாமே உற்பத்தியில் இறங்கினார்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவுக்குச் சற்று மேலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வருடமே கடன் வட்டி 20 வீதத்தையும் தாண்டியது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டது. அதன் பின் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட, வெளிநாட்டுப் பொருள் மறுபடி கடைக்கு வந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் சொத்துக்களை வங்கிகள் ஏலம் விடத் தொடங்கின. பராட்டே சட்டத்தை நிறுத்துமாறு கூக்குரல் எழுந்து, 2024இல் அதனைத் தற்காலிகமாக இடைநிறுத்தும் அளவுக்கு நிலைமை போனது.

இந்தப் புயலில் தப்பியவர்கள் யார் என்று எனது பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறேன். அதிகம் கடன் எடுத்தவர்கள் அதில் இல்லை. தனது பொருளின் அடக்க விலையைச் சதம் சதமாக அறிந்து வைத்திருந்தவர்களும், வெளிநாட்டுப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்தாலும் வெட்கப்படத் தேவையில்லாத தரத்தில் செய்தவர்களுமே இன்றும் எனக்குப் பொருள் அனுப்புகிறார்கள்.

ரிட்டன் பெட்டி சொல்லும் பாடம்

மொத்த வியாபாரியிடம் ஒரு பெட்டி இருக்கும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பும் பொருட்கள் அதில் சேரும். ஓர் உற்பத்தியாளரின் நோய் முதலில் தெரிவது அந்த ரிட்டன் பெட்டியில்தான். அவருக்குத் தெரிவதற்கு முன்பே எமக்குத் தெரிந்துவிடும்.

கிழக்கிலிருந்து எனக்கு மிக்சரும் முறுக்கும் அனுப்பும் ஒரு தம்பி இருக்கிறார். நல்ல உழைப்பாளி, கைப்பக்குவமும் உண்டு. ஆனால் மழைக்காலம் வந்தால் அவருடைய பக்கற்றுகள் ரிட்டன் பெட்டியில் நிறையும். மொறுமொறுப்பு போயிருக்கும், எண்ணெய் வாடை அடிக்கும். ஒருநாள் கடைக்கு வந்தவர் சொன்னார்: “காக்கா, மெஷின் சின்னதாப் பெயித்து. பெரிசா ஒண்டு எடுத்தா எல்லாம் சரியாகும். பதினைஞ்சு இலட்சம் லோனுக்குப் போட்டிருக்கன்.”

“தம்பி, மெஷின் பெரிசானா ரிட்டனும் பெரிசாகுமே” என்றேன். அவர் சிரித்தார். எனினும் போய் யோசித்திருக்கிறார். உணவுத் தொழில்நுட்பம் தெரிந்த ஓர் அரச உத்தியோகத்தரைத் தெரிந்தவர்கள் மூலம் தேடிப்பிடித்து, தனது வேலைத்தலத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். வந்தவர் அரை நாள் நின்று பார்த்தார். நான்கு விடயங்களைச் சொன்னார். பொரித்ததைச் சூடு ஆறுமுன் பக்கற்றில் போட்டு ஒட்டுகிறீர்கள், உள்ளே ஆவி நீராகி மொறுமொறுப்பைக் கெடுக்கிறது, நன்றாக ஆறவிடுங்கள். ஒரே எண்ணெயைப் பல நாள் ஊற்றி ஊற்றிப் பாவிக்கிறீர்கள், தினமும் வடிகட்டுங்கள், நிறமும் நுரையும் மாறினால் எறிந்துவிடுங்கள். பக்கற்றின் பொலித்தீன் மெல்லியது, அதனூடாகக் காற்றும் ஈரமும் புகும், பல படை கொண்ட பக்கற்றுக்கு மாறுங்கள். பெட்டிகளைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, முதலில் செய்ததை முதலில் அனுப்புங்கள். அவ்வளவுதான்.

பக்கற் விலை சிறிது கூடியது. ரிட்டன் பெரும்பாலும் நின்றுபோனது. பெரிய மெஷினுக்கான கடன் விண்ணப்பத்தை அந்தத் தம்பி தானே திருப்பி எடுத்துக்கொண்டார்.

இதனை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 இலட்சம் ரூபாவுக்கு விற்பவருக்கு நூற்றுக்கு 8 திரும்பி வந்தால் மாதம் 80,000 ரூபா. வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். 15 இலட்சம் கடனுக்கு 15 வீத வட்டி என்றால் வருட வட்டி 2 இலட்சத்து 25 ஆயிரம். வட்டியைக் குறைக்கச் சொல்லி நாம் போராடுகிறோம். வட்டியைப் போல் நான்கு மடங்கு பணம் சத்தமில்லாமல் பின்கதவால் போவதை யாரும் கேட்பதில்லை.

கல் எங்களுடையது, வித்தை அவர்களுடையது

அறிவுக்கு என்ன விலை என்று பேருவளைக் கல் வியாபாரிகளிடம் கேட்டால் சொல்வார்கள். கெவுட என்ற பால்போன்ற மங்கலான கல்லை ஒரு காலத்தில் நம்மவர்கள் மதிப்பில்லாததாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதனை மலிவாக வாங்கிச் சென்றார்கள். உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றினால் அது நீலக்கல்லாக மாறும் என்ற வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மண் எங்களுடையது, கல் எங்களுடையது, தோண்டிய கைகளும் எங்களுடையவை. இலாபம் பேங்கொக்குக்குப் போனது. பிற்பாடுதான் நம்மவர்களும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 1990களில் இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமென ஒரு நிறுவகமும் உருவானது. ஆனால் இடையில் போன வருடங்களுக்குக் கணக்கு யாரிடம் கேட்பது? அந்த வருடங்களில் நமக்குக் குறைவாக இருந்தது மூலதனமா, தகவலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொழுந்துக்கு உண்டு, தொழிற்சாலைக்கு ஏன் இல்லை?

ஆலோசனைக்கு அரசாங்கம் செலவழிப்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல. நெல் விதைப்பவருக்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். வயலுக்கு இறங்கி, பூச்சி என்ன, பசளை என்ன என்று பார்த்துச் சொல்வது அவரது கடமை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் இயங்குகிறது. தேயிலைச் சிறு பற்றுநில உரிமையாளர்களுக்கென்றே ஓர் அதிகாரசபை 1970களில் அமைக்கப்பட்டது. அதன் பரிசோதகர்கள் அரை ஏக்கர் தோட்டத்துக்கும் போய் எந்த இனக் கன்று நடுவது, எப்போது கவ்வாத்துச் செய்வது என்று சொல்கிறார்கள். இன்று நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு 70 வீதத்துக்கும் அதிகமானது அந்தச் சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. அதில் இந்த ஆலோசனைக்கும் பங்குண்டு.

அரை ஏக்கர் தேயிலைக்கு ஆள் அனுப்பும் அரசாங்கம், பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் வேலைத்தலத்துக்கு ஆள் அனுப்பக் கூடாதா?

நிறுவனங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கைத்தொழில் அபிவிருத்திச் சபை மொரட்டுவை கட்டுபெத்தையில் இருக்கிறது, மாவட்டங்களிலும் காரியாலயங்கள் உண்டு. உணவுப் பரிசோதனை, பாவனைக் காலம் கணித்தல், அளவைக் கருவிகளைச் சரிபார்த்தல் போன்றவற்றுக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் உண்டு. 1955இல் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையமாக ஆரம்பித்ததே பின்னர் இப்பெயர் பெற்றது. இயந்திரம் சம்பந்தப்பட்டவற்றுக்கு 1974இல் தொடங்கிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் ஏக்கலவில் உண்டு. எஸ்.எல்.எஸ். முத்திரைக்கு இலங்கை கட்டளைகள் நிறுவனம், ஏற்றுமதிக்கு 1979இன் சட்டப்படி அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, சிறு, நடுத்தர முயற்சிகளுக்கென்றே 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை என்று பட்டியல் நீளும்.

இத்தனை இருந்தும் எமது மக்கள் அங்கே போவது மிகக் குறைவு. ஏன்?

முதலாவது தூரம். கல்முனையிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு மாதிரிப் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுக்க ஒருநாள், அறிக்கை எடுக்க மற்றொரு நாள் என்றால் வேலைத்தலத்தை யார் பார்ப்பது? இரண்டாவது மொழி. தமிழ் அரச கரும மொழியாகி மூன்று தசாப்தங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. அதில் உள்ளதை வாசித்து விளங்கிக்கொள்ளவே இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது, எந்த நோய்க்கு எந்த வைத்தியரிடம் போவது என்பது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு உற்பத்தியாளர் லேபல் சம்பந்தமான ஒரு சிறு கேள்வியோடு நான்கு காரியாலயங்கள் ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் ‘இது எங்களுடைய வேலை இல்லை’ என்பதே பதில்.

நான்காவது காரணம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. வெளியில் யாரும் பேசுவதில்லை. அது பயம்.

ஆலோசகர் வேறு, பரிசோதகர் வேறு

அரச ஜீப் ஒன்று வாசலில் நின்றால் நமது சிறு முதலாளிக்கு முதலில் வருவது மகிழ்ச்சி அல்ல, நடுக்கம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரா, சுற்றாடல் அனுமதிப்பத்திரம் கேட்க வந்தவரா, ஊழியர் சேமலாப நிதிக் கணக்குப் பார்க்க வந்தவரா, இறைவரித் திணைக்களமா என்று மனம் அலைபாயும். “உங்கள் தொழிலை முன்னேற்ற வந்திருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னாலும், போகும்போது எந்தக் காகிதத்தில் எதை எழுதிக்கொண்டு போவாரோ என்ற சந்தேகம் போகாது. ஆகவே பின்கதவைப் பூட்டிவிட்டு, “எல்லாம் நல்லா நடக்குது சேர்” என்று தேநீர் கொடுத்து அனுப்பி விடுகிறோம்.

சட்டத்தை மீறுபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஊழியரின் சேமலாப நிதியைக் கட்டாதவர் ஊழியரின் உரிமையை எடுத்துக்கொள்கிறார். எனினும், வைத்தியரிடம் சொன்னது பொலிஸுக்குப் போகும் என்றால் நோயாளி வாய் திறப்பானா? ஆலோசனை சொல்பவரின் கையில் குற்றப்பத்திரம் இருக்கக் கூடாது. அவர் பார்த்தது, கேட்டது, அடக்க விலை, செய்முறை யாவும் இரகசியமாக இருக்கும் என்று எழுத்தில் தர வேண்டும். இரகசியம் என்பதில் இன்னொன்றும் அடங்கும். பக்கத்துத் தெருவில் அதே மிக்சர் போடுபவரிடம் எனது பக்குவம் போய்விடக் கூடாது என்ற கவலை நியாயமானது.

பிற நாடுகள் என்ன செய்தன?

யுத்தத்தில் தோற்று நொறுங்கிய ஜப்பான் 1948இல் சிறு, நடுத்தர முயற்சிகளுக்கென ஓர் அரச முகவர் நிலையத்தை அமைத்தது. தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்து ஆலோசனை சொல்லும் வேலையை அங்கே ‘ஷின்டன்’ என்கிறார்கள். வைத்தியர் நோயைக் கண்டறிவதற்கும் அதே சொல்தான். அதற்கென்று பரீட்சை வைத்துப் பதிவு செய்யப்பட்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாகாணங்கள் தோறும் சிறு தொழிற்சாலைகளுக்காகவே பரிசோதனைக் கூடங்களும் உண்டு.

தனியார் துறையின் கோட்டை என்று சொல்லப்படும் அமெரிக்காவே 1988இல் இதற்குச் சட்டம் இயற்றியது. ஜப்பான் பொருட்களின் போட்டியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடம் 3 நிலையங்களோடு தொடங்கி, பின்னர் 50 மாநிலங்களுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் பரவியது. அதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மத்திய அரசு முழுச் செலவையும் ஏற்பதில்லை. மாநிலமும், சேவை பெறும் தொழிற்சாலையும் பங்கு கொடுக்க வேண்டும். மற்றது, இத்திட்டத்தை நடத்தும் நிறுவனம் அளவைகள், தரங்கள் சம்பந்தப்பட்டது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. மேலே நான் சொன்ன பயத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது இதனால்தான்.

இங்கிலாந்தின் கதை வேறு. அமெரிக்காவைப் பார்த்து 2002இல் உற்பத்தி ஆலோசனைச் சேவை ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகள் பயன்பெற்றன. 2015இல் செலவுக் குறைப்பு என்று கூறி அதனை மூடிவிட்டார்கள். அமெரிக்காவிலும் 2025இல் 10 மாநிலங்களின் நிலையங்களுக்கு நிதியைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களுக்கு நீடிக்கப்பட்டது. கடன் திட்டத்தை நிறுத்தினால் மக்கள் சத்தமிடுவார்கள். ஆலோசனையை நிறுத்தினால் பெரிய சத்தம் வராது. அதனால்தான் கத்தரிக்கோல் முதலில் அங்கே போகிறது. இச்சேவை நிலைக்க வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தியவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இலவசம் வேண்டாம்

‘தனியாருடைய இலாபத்துக்கு மக்களின் வரிப்பணத்தில் ஏன் ஆலோசனை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரிய ஆலோசனைக் கம்பனிகள் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு வருவதில்லை. அவர்களுடைய கட்டணத்துக்கு நமது தொழில் தாங்காது. அரசு நடுவில் கைகொடுக்காவிட்டால் அந்த அறிவு நம்மிடம் வந்து சேராது. வந்து சேர்ந்தால் வேலையாட்கள் நிலைக்கிறார்கள், இறக்குமதிக்குப் போகும் டொலர் மிஞ்சுகிறது, வங்கிக்குக் கடன் திரும்புகிறது, அரசுக்கும் வரி வருகிறது. அறுவடை முழுவதும் முதலாளியின் பைக்குப் போவதில்லை.

அதே நேரம், முழு இலவசத்தை நான் ஆதரிக்கவில்லை. சும்மா கிடைக்கும் ஆலோசனையைச் சும்மாவே கேட்டுவிட்டுப் போவது மனித இயல்பு. செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது உற்பத்தியாளர் கொடுக்கட்டும். நுண் முயற்சி என்றால் அதைவிடக் குறையட்டும். காசு கொடுத்தவர் சொன்னதைச் செய்து பார்ப்பார். சரிவராவிட்டால் கேள்வியும் கேட்பார். உத்தியோகத்தரும் பொறுப்போடு வருவார்.

‘அரச காரியாலயங்களை நம்பி என்ன பயன், அங்கே ஒழுங்காக வேலை தெரிந்தவர் யார்?’ என்று கடைகளில் பேசுவோரும் உண்டு. குறைகள் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வுகூடங்களில் படித்த, திறமையான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களிடம் வேலை கொண்டுபோகாமல் அவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

அரசிடம் நான்கு கோரிக்கைகள்

ஒன்று: சிறு உற்பத்தியாளருக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சலுகைக் கடன் கொடுக்குமுன், விடயம் தெரிந்த ஒருவர் வேலைத்தலத்துக்குப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை கொடுக்கட்டும். கடனை மறுப்பதற்காக வேண்டாம். எதற்குக் கடன் தேவை, எதற்குத் தேவையில்லை என்று கடனெடுப்பவருக்கே தெரிவதற்காக.

இரண்டு: மாவட்டத்துக்கு ஒரு கதவு. எந்த நிறுவனத்துக்குரிய கேள்வியாக இருந்தாலும் அந்த ஒரு மேசையில் கொடுக்கலாம், மாதிரிப் பொருளையும் அங்கேயே கையளிக்கலாம், கொழும்புக்கு அனுப்புவது அவர்களது வேலை என்ற ஏற்பாடு வேண்டும். புதுக் கட்டடம் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள மாவட்டக் காரியாலயங்கள் போதும்.

மூன்று: அறிக்கை உற்பத்தியாளரின் மொழியில் வேண்டும். முழு அறிக்கையும் முடியாவிட்டால் ‘என்ன குறை, என்ன செய்ய வேண்டும்’ என்ற ஒரு பக்கமாவது தமிழிலோ சிங்களத்திலோ தரலாம்.

நான்கு: ஆலோசனைப் பிரிவை அனுமதிப்பத்திரம், வரி, வழக்கு ஆகியவற்றிலிருந்து முற்றாகப் பிரித்து, இரகசியத்துக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்குச் செயலமர்வு நடத்தினோம், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவதை விட்டுவிட்டு, ஒரு வருடத்தின் பின் எத்தனை தொழிற்சாலைகளில் கழிவு குறைந்தது, எத்தனை பேரின் விற்பனை கூடியது என்று கணக்குக் காட்டட்டும்.

நம் பங்கு என்ன?

அரசு செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நமது ஊர்களில் வர்த்தகர் சங்கங்கள் இருக்கின்றன. பாராட்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரே தொழில் செய்யும் பத்துப் பேரை ஒன்றுசேர்த்து, மாதம் ஒருமுறை ஒரு உத்தியோகத்தரை ஊருக்கே அழைக்கலாம். ஒருவர் தனியே அழைத்தால் வராதவர், சங்கம் கடிதம் எழுதினால் வருவார். மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கு நல்ல பெயர் இருக்கிறது. 2004 சுனாமியில் தறிகளை இழந்தும் மீண்ட ஊர் அது. சாயம் போகாமல் நிற்பதற்கான பரிசோதனையை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. பத்துப் பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் தலைக்குச் சொற்பமே வரும்.

மொத்த வியாபாரிகளான நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. ரிட்டன் வந்தால் பில்லில் கழித்துவிட்டு அடுத்தவரிடம் வாங்குவது சுலபம். ஏன் திரும்பி வந்தது என்று ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள். எந்த மாதத்தில், எந்தக் கடையிலிருந்து, என்ன குறையோடு என்று எழுதினால், அது எந்த ஆலோசகரும் காசு கொடுத்துத் தேடும் தகவல். அந்த உற்பத்தியாளர் நிமிர்ந்தால் நல்ல பொருள் கிடைப்பது நமக்குத்தான்.

உற்பத்தி செய்யும் சகோதரர்களே, ஆலோசனை கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கடந்த மூன்று மாதத்தின் கொள்முதல் பில்கள், மின்கட்டணப் பட்டியல்கள், திரும்பி வந்த பொருளில் இரண்டு, மூன்று மாதிரிகள், ஒருநாளில் எத்தனை கிலோ மூலப்பொருள் போட்டு எத்தனை கிலோ பொருள் எடுத்தீர்கள் என்ற குறிப்பு ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். இவற்றைச் சேர்க்க உட்காரும்போதே பாதி ஓட்டை உங்கள் கண்ணிலேயே படும். மீதியை அவர் காட்டுவார். “எனக்கு லோன் எடுத்துத் தாருங்கள்” என்று தொடங்காமல், “எனது பொருளில் என்ன குறை?” என்று தொடங்குங்கள்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வருவார். வழமைபோல் கடனும் வட்டியும் பற்றிக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தில் தொழிற்சாலைக்கு வந்து பார்த்து, தமிழில் ஆலோசனை சொல்ல எத்தனை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்? பதில் என்னவாக இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.